நோ கேரியர்

பழைய மோடத்தில் இன்டர்நெட் கம்பெனியின் சர்வருக்கு எப்படி டயல் செய்தாலும், இணைப்பு கிடைக்கவில்லை என்று லினக்ஸ் திரையில் ‘நோ கேரியர்’ என்றே வந்து விழுந்தது. அற்புதராஜ் ஒரு வாரமாக டயல் செய்யும் ஸ்கிரிப்டைத் திருத்தினான், வேகத்தைக் குறைத்தான், வயரைப் பிடுங்கிச் செருகினான். கோபித்துக்கொண்டு போன தம்பியின் மெயில் அந்த சர்வரில்தான் இருக்க வேண்டும். கடைசியில் மோடத்தின் ஸ்பீக்கரை ஆன் செய்து டயல் செய்தான். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மோடம் விட்டு விட்டுக் கீச்சிட்டது.

“சொல்லு சாமி, அம்மாதான்,” என்றது முன்பின் கேட்டிராத ஒரு பெண்குரல். “தெனமும் கூப்புடற, ஒண்ணும் வெளங்கலியே. எங்க இருக்க? உன் நம்பரு இதுல தெரியுது, வெச்சுடாத.”

மோடம் வைத்துவிட்டது. நோ கேரியர்.

டெலிபோன் ஆபீஸில் விசாரித்தான். அந்த இன்டர்நெட் கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்களாம். நம்பர் இப்போது ஏதோ வீட்டுக்குப் போய்விட்டதாம். மெயில்களைப் பற்றிக் கேட்டதற்குக் கையை விரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மோடத்தைக் கழற்றி, வயரைப் போனில் செருகினான். உடனே மணி அடித்தது. எடுத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் அந்தப் பெண், மோடம் மாதிரியே, விட்டு விட்டுக் கீச்சிட ஆரம்பித்தாள்.

ஹலோ என்றால், தான் அவள் மகன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.