மூன்றாவது ஓலை

“எல்லாத்துக்கும் ‘அறிவிப்பு’ன்னு ஒரே தலைப்பைப் போட்டா, குவைத்துல இருக்கிறவன் எதைன்னு திறந்து பார்ப்பான், சொல்லுங்க?”

சான்ட்ரா கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். மன்னார்குடியில் அவள் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு ரயில் டிக்கெட் எடுக்க வருவார்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். பங்குக் கோயிலுக்காக அவள் எழுதும் வலைப்பூவில் குறை சொல்லவே ஒருவன் வந்திருப்பது இதுதான் முதல் தடவை. முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, வேர்த்த நெற்றி.

“எது சார் புரியலை?”

“பிரின்ஸியோட கல்யாண ஓலைங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை பூசையில வாசிச்சாச்சு. யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஃபாதர்கிட்ட சொல்லட்டும்னுதானே மூணு வாரம் வாசிக்கிறாங்க? இந்த ஊர்ப் பசங்க பாதிப் பேர் வெளிநாட்டுல. அவங்க புதுப் பதிவையெல்லாம் ஒரே இடத்துல காட்டுற ரீடர்லதான் படிக்கிறாங்க. அதுல தலைப்பு மட்டும்தான் வரும். ‘அறிவிப்பு’ன்னா, கோயிலுக்கு வெள்ளையடிக்க நன்கொடை கேக்குறாங்கன்னு தாண்டிப் போயிடுவான்.”

நியாயமாகத்தான் பட்டது. சான்ட்ரா கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

“பழசை அழிச்சுட்டுப் புதுசாப் போடுங்க. முதல்ல தேதி. அப்புறம் ‘இரண்டாம் ஓலை’. அப்புறம், ‘பட்டுக்கோட்டை தேங்காய் மண்டி பெரியநாயகசாமி மகன் ஆல்பின்’. அப்பா பேரை விட்டுடாதீங்க. ஊருக்கு நாலு ஆல்பின் இருக்கான்.”

“பொண்ணு பேரு?”

“அதுவும்தான். கடைசியில தடித்த எழுத்துல, ‘ஆட்சேபம் உள்ளவர்கள் தயங்காமல் கீழே எழுதவும்’.”

“தயங்காமலா?”

“கூச்சப்படுவாங்க இல்லீங்களா.”

சான்ட்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தாள். சங்கதி அவளுக்குப் புரிந்துவிட்டது. பிரின்ஸி காலேஜுக்குப் போன காலத்தில் பஸ் பின்னாலேயே சைக்கிள் மிதித்தவனாக இருப்பான். பாவம்.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து நின்றான். விடிந்தால் மூன்றாவது ஓலை.

“ஏதாவது வந்துச்சா?”

“நாப்பத்திரண்டு வந்திருக்கு சார்! நீங்க சொன்ன மாதிரி போட்டதும் சிங்கப்பூர், துபாய்னு ஒரே கூட்டம்.”

அவன் முகம் மலர்ந்தது. “படிங்க, படிங்க.”

“‘நல்வாழ்த்துகள்.’ ‘ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.’ ‘ஆல்பின் தங்கமான பையன், வெத்தலைகூடப் போட மாட்டான்.’ ‘ஏழாம் வகுப்புல பிரின்ஸி டீச்சர்கிட்ட அறை வாங்கினவன் நான். காது இன்னும் ஙொய்ங்குது. வாழ்த்துகள் டீச்சர்.’”

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தனுக்குக்கூடவா ஆட்சேபம் இல்லை?”

சான்ட்ராவுக்கு மனசு கேட்கவில்லை. ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பிரின்ஸி மேல அவ்வளவு ஆசை இருந்தா, யாரோ எழுதுவாங்கன்னு எதுக்குக் காத்துக்கிடக்கணும்? நேரா ஃபாதர்கிட்ட போய் நீங்களே சொல்லிடுங்களேன்.”

“நானா?” அவன் பதறி எழுந்து வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான். “மாப்பிள்ளையே போய் ஆட்சேபம் சொன்னா, எங்கப்பா மண்டியில நிக்க வச்சுத் தேங்காய்க்குப் பதிலா என்னை உரிச்சிடுவாருங்க!”