காற்றுப் பட வைத்த செல்

"வாயத் திற கண்ணு. ஆ காட்டு. அம்மா பாத்துட்டு விட்டுடறேன்."

ஒன்றரை வயது வாண்டு அசைந்து கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவனை இழுத்து மடியில் போட்டு, கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்தாள். நாக்கெல்லாம் பிஸ்கட் தூள். வேறொன்றும் தெரியவில்லை.

"முழுங்கிட்டியாடா? செல்ல முழுங்கிட்டியா?"

வாண்டு தலையை ஆட்டினான். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று ஆடுகிற தலைதான் அது. தெரிந்திருந்தும் அவள் அவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள்.

காணாமல் போனது மாமனாரின் காது மிஷினுக்குப் போடும் செல். அட்டையில் மிச்சமிருந்த கடைசி ஒன்று, சட்டைப் பொத்தானை விடச் சின்னது. "ஸ்டிக்கரப் பிரிச்ச உடனே மிஷின்ல போட்டு மூடிடாதீங்கம்மா. இது காத்த இழுத்துக்கிட்டு வேலை செய்யற செல். அஞ்சு நிமிஷம் வெளியில வச்சு காத்துப் பட விட்டுப் போட்டா நல்லா உழைக்கும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். ஸ்டிக்கரைப் பிரித்தாள். உருண்டு விழாமல் இருக்க, கைக்குக் கிடைத்த ஒரு மூடிக்குள் போட்டு மேஜையின் நடுவில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மழை தூறியது. மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் மூடி இருக்கிறது, செல் இல்லை.

"கொழந்தைய ஏம்மா கவுத்துப் போட்டுத் தட்டற?" மேஜையருகே நாற்காலியில் இருந்த மாமனார் கேட்டார். மிஷின் இல்லாதபோது அவர் பேசுவது தெருக்கோடி வரை கேட்கும். தெருவே திரண்டு வந்து பேசினாலும் அவருக்குக் கேட்காது.

"செல் மாமா, செல்!" இத்தனூண்டு என்று விரலைக் குவித்துக் காட்டினாள்.

"ஆச்சும்மா, ஆச்சு" என்றார் அவர்.

என்ன ஆச்சு என்று விசாரிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள். மாமனார் தண்ணீர் டம்ளரும் கையுமாக வாசல் வரை வந்தார்.

"ஏம்மா, ஒரு நிமிஷம். இன்னைக்கு..."

"வந்து பேசிக்கலாம் மாமா" என்று கையைக் காட்டிவிட்டு, எதிர்வீட்டு டாக்ஸியில் ஏறிவிட்டாள்.

வழியில் கணவனுக்கு போன் போட்டாள். அவன் எடுத்த எடுப்பிலேயே, "அவனுக்கு எட்டற இடத்துலயா வச்ச?" என்றான்.

"இல்லீங்க, மேஜை நடுவுல. ஒரு மூடிக்குள்ளதான் வச்சேன்."

"மூடி கவுந்து கெடந்துதா?"

"இல்ல, வச்ச இடத்துலயே இருந்துது. நாற்காலி மேல ஏறி எடுத்திருப்பானோ என்னமோ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அப்பாவக் கேட்டியா?"

"மிஷின்ல செல் இல்லாம அவர்கிட்ட என்னத்தங்க கேக்கறது?"

"நீ போ. நான் அங்க வந்துடறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"இத்துனூண்டு செல்லு டாக்டர். அது என்ன பண்ணிடும்?" ஒன்றும் பண்ணாது என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் கேட்டாள்.

"சின்னதா இருந்தாலும் செல்லு செல்லுதாம்மா. ஈரமான இடத்துல மாட்டிக்கிட்டா சும்மா இருக்காது. கரண்ட் ஓட ஆரம்பிச்சிடும். வயித்துக்கு எறங்கிட்டா பயம் கம்மி. தொண்டையிலயோ நெஞ்சுலயோ நின்னுட்டா, அந்த எடத்தச் சுட்டுப் புண்ணாக்கிடும். சில மணி நேரமே போதும். நல்லவேளை, உடனே கொண்டு வந்துட்டீங்க."

எக்ஸ்ரே அறையில் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடவுளே, இவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வேறு எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கழுத்து, நெஞ்சு, வயிறு, எங்கயும் ஒண்ணும் இல்லம்மா. உங்க பையன் முழுங்கினது வெறும் பிஸ்கட்."

"அப்போ செல்லு?"

"வீட்லதான் எங்கயாவது உருண்டு கெடக்கும். நல்லாத் தேடிப் பாருங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். கணவனுக்கு போன் போட்டு, "ஒண்ணும் இல்லீங்க, வர வேணாம்" என்றாள். வாண்டு டாக்டரம்மாவின் பேனாவைப் பிடுங்கப் பார்த்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையை இறக்கிவிட்டு, மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினாள். பாயை உதறினாள். துடைப்பத்தை விட்டு அலமாரிக்கு அடியில் துழாவினாள். தூசிதான் வந்தது. எங்கே போய்த் தொலையும் இந்தச் சனியன் என்று முணுமுணுத்தபடி எழுந்தாள்.

மாமனார் அதே நாற்காலியில் இருந்தார். காலைச் சாப்பாடு தட்டில் தொடாமல் கிடந்தது. தண்ணீர் ஜாடி காலி.

"கொழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று உரக்கக் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்துச் சிரித்தாள்.

"நல்லதும்மா. காலையில ஒன்னக் கேக்க வந்தேன், ஓடிட்ட." அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "டப்பா மூடியில தெனம் எனக்கு ரெண்டு மாத்திரை எடுத்து வைப்ப, இன்னைக்கு ஒண்ணுதான் இருந்துது. அதுவும், இத்தன தண்ணி குடிச்சும் கீழ எறங்காம நெஞ்சுலயே நிக்குதும்மா."