யார் மேல் சந்தேகம்

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?”

இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டார். தலையில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பத்திரிகையாளருக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததால் பாதியிலேயே அடக்கிக்கொண்டார்.

சந்தேகம் இல்லாத ஆள் யார் என்று கேட்டிருந்தால் சீக்கிரம் சொல்லி முடித்திருப்பார்.

முந்தின நாள் சாயங்காலம், அலுவலகத்திலிருந்து இறங்கிவந்து கார் கதவைத் திறக்கும்போது பின்மண்டையில் அடி விழுந்தது. ஆளைப் பார்க்கவில்லை. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முப்பது வருடமாக அரசியல் எழுதுகிறார். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு, நாடு நடுவழியில்தான் போக முடியும் என்பது அவர் வாதம். அதையே புத்தகம் புத்தகமாகவும் எழுதினார். ஆளுங்கட்சிக்காரர்கள் அவரை எதிர்க்கட்சியின் எடுபிடி என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுங்கட்சியின் ஜால்ரா என்றார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘நடுக்கோடு’.

“ஏதாவது ஒரு பக்கம் போய்த் தொலைஞ்சிருந்தா, அந்தப் பக்கத்து ஆளுங்களாவது இப்ப காவலுக்கு நின்னிருப்பாங்க” என்று விடிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள் மனைவி.

காலையில் ஆளுங்கட்சிச் செயலாளர் பழக்கூடையோடு வந்தார். எத்தனை பேர், எதால் அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கண் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அவர் படியிறங்கியதும் எதிர்க்கட்சிப் பேச்சாளர் வந்தார். அவர் கையிலும் பழக்கூடை. எதையுமே விசாரிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவர்போல, கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அது இன்னும் மோசமாகப் பட்டது.

இரண்டு கூடைகளையும் மனைவி குளியலறை மூலையில் தள்ளி வைத்தாள். எதில் என்ன இருக்கிறதோ.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியவர், கதவைச் சாத்திவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

“ஆள் கிடைச்சாச்சு சார். அவராவே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்காரு.”

“எந்தக் கட்சி?” மனைவி முந்திக்கொண்டாள்.

“கட்சியெல்லாம் இல்லம்மா. ஸ்கூல் வாத்தியார். சாரோட வாசகராம், ஒரு புத்தகம் விட்டதில்லையாம். போன வாரக் கட்டுரையில சார் ஒரு பக்கமா சாஞ்சுட்டாராம். அதைத் தாங்க முடியலையாம்.”

மனைவி சிரித்தே விட்டாள். அடி விழுந்த சேதி வந்ததிலிருந்து அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

“இவரா? தூக்கத்துலகூட ஒருக்களிச்சுப் படுக்க மாட்டாரு!”

இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

பத்திரிகையாளர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டுரையை வரிவரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு ஒரு பத்தி, அவர்களுக்கு ஒரு பத்தி. வழக்கம்போலத்தான் எழுதியிருந்தார். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இன்ஸ்பெக்டரைக் கிட்டே வரச்சொல்லிச் சைகை செய்தார். மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

“எந்தப் பக்கமாம்?”