பிணம் எடுக்கும்வரை

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலில் நிற்க இருந்த மீனவர் சங்கத் தலைவர் சுப்பராயனை நேற்று சந்தையில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கலவரம் வரும் என்று சொல்லி, போலீஸ் உடலை ஆஸ்பத்திரியிலேயே பூட்டி வைத்திருக்கிறது. பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை யாரும் வலை போடுவதில்லை. ஏரி வெயிலில் மினுங்குகிறது. படகுகள் மணலில் கிடக்கின்றன. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அருணகிரியின் மடியில் அவன் மகள் பசியோடு விரல் சப்புகிறாள். மீன் ஏற்ற வந்த ஏஜெண்டின் லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. "அந்தாளு வேற ஊரு, வள்ளூரான். உங்க ஊட்டுச் சாவா இது?" என்று ஏஜெண்ட் கத்துகிறான். அவன் அருணகிரியிடம் திரும்புகிறான். "பொண்டாட்டிய பொதைச்ச மறுநாளே ஏரில எறங்குனவன் நீ. இப்ப இன்னாடா ரோசம்?" குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அருணகிரி எழுந்திருக்கிறான். "அவள நாலு பேரு தூக்கினு போயி பொதைச்சோம், நைனா. இவர தூக்கவே போலீஸு உடலியே. இங்க நீ ஐஸு கரையுதுன்னு கத்திக்கினு கீற. அங்க ஒரு மனுசன் ஐஸுகூட இல்லாம கெடக்குறாரு." அவன் குரல் உயரவில்லை. லாரியின் என்ஜின் உறுமுகிறது. ஏஜெண்ட் அவசரமாகப் படியில் கால் வைக்கிறான். "நீ எறங்கு சார்," என்கிறான் டிரைவர். "மத்தவங்க ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."