பிள்ளை சொன்னபடி

அவள் எழுந்து நின்றாள்.



மேசைக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் இருந்தார்கள். நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. பிரம்மசக்தி இனி யாரிடம் வளர வேண்டும் என்று இன்று அவர்கள் சொல்லப்போகிறார்கள்.

பிரம்மசக்திக்குப் பத்து வயது. பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். முதுகில் கரண்டிக் காம்பின் தடம்.

அப்பா அடித்தது.

பிள்ளையின் அத்தை வராந்தாவில் காத்திருந்தாள். நான் வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நல்ல மனுஷி. எல்லாம் கூடி வந்த நேரத்தில், நேற்று பிள்ளை வாயைத் திறந்தது.

அப்பா வீட்டுக்கே போகிறேன்.

அதைத்தான் இப்போது, பிள்ளைக்குத் துணையாக வந்த அவள் சபையில் சொல்ல வேண்டும்.

வேறு யாரும் விதிக்கவில்லை. அவளே போட்ட விதி. நூலக மாடியில் ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டி, வழக்கில் சிக்கிய பிள்ளைகளுக்குத் துணை நிற்க ஒரு குழு தொடங்கினாள். குழுவுக்கு இன்னும் பெயர்கூட முடிவாகவில்லை. மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவள் இதை மட்டும் விடவில்லை. முதலில் பிள்ளையின் விருப்பம், பிள்ளை சொன்னபடியே. நம் கருத்து அதற்குப் பிறகு.

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டார் தையல்கடை ஆரோக்கியம். அவர் வாயை அடைத்ததும் அவள்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

இது குழுவின் முதல் பிள்ளை. நலக் குழுத் தலைவர் அரைமனதாகத்தான் அனுமதித்தார். ஒன்றைப் பார்ப்போம், பிறகு பேசுவோம் என்றார். இன்று சறுக்கினால் அடுத்த பிள்ளைக்கு யாரும் இவர்களைக் கூப்பிடப்போவதில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

பிள்ளைக்குத் தெரியும்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தோடேயே சொன்னாள்.

தலைவர் கோபத்தை மறைக்கவில்லை. அடித்தவனிடமே திருப்பி அனுப்பச் சொல்லவா உங்களை உள்ளே விட்டோம் என்று கேட்டார். அத்தையிடம் இருப்பதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து என்று அவள் அவசரமாகச் சேர்த்தாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

ஓர் உறுப்பினர் விசாரணையில் தெரிந்ததை எடுத்துச் சொன்னார். அந்த வீட்டில் ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அப்பனுக்குப் பெண்பிள்ளை என்றால்தான் ஆகாது.

அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். பெண்கள் கூட்டங்களில் பேசிப் பேசிப் பழகியவள். பார்த்த உடனே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். ஏன் போகணும் என்று பிள்ளையிடம் கேட்கவே இல்லை.

இப்போது தலைவர் கேட்டார். அவளிடம் அல்ல, பிள்ளையிடம்.

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. நீயே சொல் என்று அவள் தலையசைத்தாள்.

"தம்பிய அடிக்க வந்தா நான் குறுக்க விழுந்துருவேன். என்னைய அடிச்சிட்டு அப்பா ஓஞ்சிருவாவ. இப்பம் அவன் மட்டும்லா இருக்கான்."



விசாரணை நடந்தது பிள்ளையைக் கூட்டி வந்த அன்று. பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை.



தலைவர் போனை எடுத்தார். காவல் நிலையத்தில் யாரிடமோ உடனே வண்டி அனுப்பச் சொன்னார். எந்தத் தெரு என்று அங்கே கேட்டார்கள். பிள்ளைதான் வழி சொன்னது. தண்ணித்தொட்டி தாண்டி, கோழிக்கடைச் சந்துக்குள், நீலக் கதவு.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதைப் பார்த்துப் பிள்ளையும் எழுந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். வந்ததிலிருந்து இப்போதுதான் அந்த முகம் தெளிந்தது.

அவள் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினாள். 

பிள்ளை அந்தக் கையைப் பற்றி வாசல் பக்கம் இழுத்தது.

"வாங்கக்கா, சுருக்கா போவோம். அப்பா வேல முடிஞ்சு வார நேரம்."