வெளியே திறக்கும் கதவு

சமயநல்லூர் கல்யாண மண்டபத்தின் பின்கதவை டேப்பால் அளந்துவிட்டு நிமிர்ந்தாள் சத்யப்ரியா.

“இது உள்பக்கமால்ல தொறக்குது? கூட்டம் வந்து முட்டுனா யாரால இழுக்க முடியும்? வெளிப்பக்கம் தொறக்கிற கதவா வைங்க. குறுக்குக் கம்பியத் தள்ளுனதும் தொறக்கணும்.”

உரிமையாளர் முத்திருளன் கையைப் பிசைந்தார். “உள்ள தொறந்தாத்தான் மேடம் லட்சுமி வருவா.”

“தீப்பிடிச்சா எண்ணூறு பேரு வெளிய போகணும்ல? பத்து நாள்ல மாத்துங்க.”

“மாத்திடுறேன் மேடம். நோட்டீஸ் மட்டும் அனுப்பிறாதீக. ஃபயர் சர்வீஸ்ல நீங்க என்ன ஆபீசரு?”

“ஆபீசரெல்லாம் இல்லண்ணே.” டேப்பைச் சுருட்டினாள். “பதினஞ்சாம் தேதி முகூர்த்தத்துக்கு நான்தான் பொண்ணு. கதவு மாறலைன்னா இந்த லட்சுமி உங்க மண்டபத்துல காலெடுத்து வைக்க மாட்டா.”