சிக்னல் கிடைக்காத அறை

“அப்பா, இன்னிக்காவது ஹாலுக்கு வந்து சாப்பிடுங்களேன். ஞாயித்துக்கிழமை அதுவுமா இப்படித் தனியா உட்கார்ந்துக்கிட்டு…”

“வேணாம்மா. இங்கயே குடு.”

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவின் கையில் அந்தப் பழைய பட்டன் போன் இருந்தது. ஒன்றரை மாதமாக அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. டிவி செய்தி இல்லாமல் சாப்பாடு இறங்காத மனிதர், இப்போது டிவி பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

வெளியூரில் இருக்கும் மூத்த மகன், பெரியவன், கூப்பிடுவான் என்று காத்துக் காத்தே அப்பா இப்படி இளைத்துவிட்டார் என்பது சின்னவளுக்குத் தெரியும். அவன் கூப்பிட்டாலும் இந்த அறையில் போன் அடிக்காது என்பதும் தெரியும். அடிக்காமல் செய்தவளே அவள்தான்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு ஃபிலிம் தயாரிக்கிறார்கள். பார்த்தால் சாதாரணக் கண்ணாடித் தாள் மாதிரிதான் இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உலோக வளையங்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். போன் அலை வந்து பட்டால் அந்த வளையங்கள் அதை உள்வாங்கிச் சூடாக மாற்றித் தீர்த்துவிடும். வெளியலை எதுவும் நுழையக் கூடாத சோதனைக்கூடங்களின் ஜன்னல்களுக்குப் போகும் சரக்கு அது. ஒவ்வொரு சுருளையும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

அப்பாவின் அறை வீட்டின் கடைசியில் இருந்தது. சுவரெல்லாம் முழ அகலம். சிக்னல் வருவதென்றால் அந்த ஒரே ஜன்னல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாகப் பேசாதிருந்த பெரியவன் அப்போது கூப்பிட்டான். “அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேம்ப்பா” என்றான். ஐந்து நிமிஷப் பேச்சு. அதற்கே அப்பா அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

“என்ன இருந்தாலும் பெரியவன் பெரியவன்தான்! துணி அடுக்கணும், அந்தப் பெட்டியை எடும்மா” என்று அவளிடமே சொன்னார். தைலக் கையோடு பரண் மேலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே, கம்பெனியில் கழித்துப் போட்ட ஃபிலிமைக் கொண்டுவந்து ஜன்னல் முழுக்க ஒட்டினாள். “வெயில் தாங்கும்ப்பா” என்றாள். எல்லாம் அப்பாவின் நல்லதுக்குத்தான், அவன் ஆசை காட்டி ஏமாற்றுவான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நெஞ்சறிய அது பொய். பொறாமை, வேறொன்றுமில்லை.

“அப்பா போன் ஏன் போக மாட்டேங்குது?” என்று அண்ணன் தன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வது என்று முதல் வாரம் பயந்து செத்தாள். அவன் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மனசு விட்டால்தானே! நேற்று அவள் அளந்த சுருளின் கணக்கைப் பார்த்த மேனேஜர், “நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது முழுங்குதே! ஒரு போன் கால்கூடத் தப்பி உள்ள போகாது. பிரமாதம்மா!” என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

இனி ஒருநாள்கூடத் தாங்காது. அப்பாவின் முன்னால் தட்டை வைத்தவள், நேரே போய் ஹேர் டிரையரையும் பிளேடையும் எடுத்து வந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் சூடு காட்டிப் பசையை இளக்கினாள்.

“என்னம்மா பண்றே?” அப்பா பதறி எழுந்து உட்கார்ந்தார்.

“இதை எடுத்துடறேம்ப்பா.”

“அது பாட்டுக்கு இருக்கட்டுமே. வெயில் அடிக்கும்.”

“பரவாயில்ல.”

“சொன்னா கேளும்மா. விட்டுடு!”

அவள் கேட்கவில்லை. பிளேடால் ஓரத்தை நெம்பி, ஒரே இழுப்பில் உரித்துத் தரையில் போட்டாள்.

சிறிது நேரத்தில் போனில் நாலு கோடுகளும் எழுந்து நின்றன. சிக்னல் இல்லாதபோது யார் யார் கூப்பிட்டார்கள் என்ற விவரமெல்லாம் இனி மெசேஜாக வந்து கொட்டும். அண்ணன் எத்தனை தடவை முயன்றானோ! அதைப் பார்க்கும் தைரியம்கூட அவளுக்கு இல்லை.

டிங். டிங். டிங்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு போனை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். ரீசார்ஜ் சலுகை. பல் ஆஸ்பத்திரி விளம்பரம். மறுபடியும் ரீசார்ஜ் சலுகை. அவ்வளவுதான்.

ஒன்றரை மாதத்தில் பெரியவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

“அப்பா…” அவள் போனைக் கட்டிலில் வைத்தாள். “நான் இதை வெயிலுக்காக ஒட்டலப்பா. உங்களுக்கு போன் வரக் கூடாதுன்னுதான்…”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“ஒட்டின அன்னிக்கே தெரியும். அன்னிக்கு ஹாலுக்குப் போனப்ப சிக்னல் வந்துச்சு, உள்ள வந்ததும் போயிடுச்சு. இதுகூடவா எனக்குப் புரியாது?”

“அப்ப ஹால்லயே உட்கார்ந்திருக்கலாமேப்பா! ஏன் வெளியவே வரல?”

அப்பா அவளைத் திட்டவில்லை. அவள் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

“ஹால்ல உட்கார்ந்தா, அவன் கூப்பிடலன்னு எனக்குத் தெரிஞ்சு போயிடுமேம்மா. இதை மறுபடி ஒட்டிடு.”